11-ஆவது ஓட்டு யாருடையது?

எல்லாருக்கும் வணக்கம். குன்னூரில் காலையிலிருந்தே மேகம் இறங்கிக் கிடக்கிறது. சன்னலில் வெள்ளையாகத் தெரிவது அதுதான், கேமரா கோளாறு இல்லை.

இன்றைக்கு நாவலில் அரசியல் சதி எழுதுவது பற்றி. என் கதையில் ஒரு மலையூர் நகராட்சி, 21 கவுன்சிலர்கள். தலைவராக 11 ஓட்டு வேண்டும். முதல் பிரதியில் ஒரு கவுன்சிலர், மாற்றி ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகும் என்று நடுங்குவார். பேரூராட்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா படித்துவிட்டுச் சிரித்தார். "கட்சித் தாவல் சட்டம் எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும்தான்மா. கவுன்சிலருக்கு எங்கே வந்தது?" 1985-இல் அரசியல் சாசனத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணையைத்தான் சொன்னார். என்னுடைய மூன்று அத்தியாயம் அடுப்புக்குப் போனது.

அப்புறம்தான் நல்ல கதை கிடைத்தது. தலைவரைக் கவுன்சிலர்கள் கூடி ரகசிய வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க இப்படித் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த 2022 மார்ச் 4 ஞாபகம் இருக்கிறதா? கூட்டணிக்கு ஒதுக்கிய சில இடங்களில் திமுககாரர்களே நின்று ஜெயித்து, ராஜினாமா செய்யுங்கள் என்று தலைமையே சொல்ல வேண்டியதாயிற்று. என் ஊரில் 12 பேர் ஒரே வேனில் வந்து இறங்குகிறார்கள். எண்ணினால் அவர்களுடைய வேட்பாளருக்கு 10 ஓட்டுதான். எந்த இரண்டு பேர்? நிஜமாகத் தாவியவர்தான் முதல் ஆளாக "துரோகி" என்று கத்துவார். தாவாத ஒருவர், எல்லாரும் தன்னையே பார்ப்பதைத் தாங்காமல், அடுத்த வாரம் உண்மையிலேயே அந்தப் பக்கம் போய்விடுவார்.

ஒன்று மட்டும், இந்த 21, 11, 12 கணக்கு வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் முதல் அத்தியாயத்திலேயே டீக்கடையில் இரண்டு பேரைப் பந்தயம் கட்டவிட்டேன்.

சரி, ஒருவர் ஏன் தாவுகிறார்? பெட்டி நிறையப் பணம் என்று எழுதிவிடாதீர்கள், சலித்துப்போன விஷயம். என் ஆளுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்கு ஏற்கெனவே விலை இல்லை, இதில் ஃபேக்டரிக்காரர் இரண்டு மாதப் பாக்கி வேறு. ஃபேக்டரிக்காரரின் மச்சான் தலைவர் பதவிக்கு நிற்கிறார். மிரட்டல் எதுவும் இல்லை. ஃபேக்டரிக்காரர் வழியில் பார்த்து, "வெள்ளிக்கிழமை கணக்கை முடித்துவிடலாம் அண்ணே" என்கிறார், அவ்வளவுதான். தேர்தல் வியாழக்கிழமை.

இரண்டாவது ஆள் யார் என்று இன்னும் எனக்கே முடிவாகவில்லை. மாமா, வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் கவுன்சிலரைச் சந்தேகப்படுகிறார். அவரை நான் சும்மா இடம் நிரப்பத்தான் உட்கார வைத்தேன்.