கொல்லைப்புறத்தில் எடுத்த படங்கள்

(மஸ்கட்டில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலையில், திரையில் படங்களைக் காட்டியபடி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோருக்கு வணக்கம்.

பயணப் படங்கள் என்று அறிவித்துவிட்டதால் ஐஃபெல் கோபுரத்தையும் பனிமலையையும் எதிர்பார்த்து வந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் கோவைக்காரன். பம்புப் பட்டறைகளின் இரைச்சலில் வளர்ந்து, பதினெட்டு ஆண்டுகளாக இந்த ஓமானில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் பம்புகளைப் பராமரித்துப் பிழைப்பவன். புதிதாக வாங்கும் இயந்திரத்தைச் சோதித்து ஒப்புக்கொள்ளவும், பழுதானதற்கு உதிரிப்பாகம் தேடவும் கம்பெனி என்னை அவ்வப்போது வெளிநாட்டுக்கு அனுப்பும். அப்படிப் போகிறவனுக்கு விமான நிலையம், விடுதி, தொழிற்சாலை, மறுபடியும் விமான நிலையம் என்பதே வழி. சுற்றுலாப் பயணி ஓர் ஊருக்குள் தலைவாசல் வழியாக நுழைகிறார் என்றால், வேலைக்குப் போகிறவன் கொல்லைப்புறமாக நுழைகிறான். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. வீட்டின் கிணற்றடி கொல்லையில்தானே இருக்கிறது.

தொழிற்சாலைக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது. வாயிலிலேயே கைபேசியின் கேமராக் கண்ணில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஒரு நாட்டில், நீரேற்று நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்று எடுத்த படத்தைக்கூடக் காவலர் என் கையாலேயே அழிக்கவைத்தார். ஆகையால் நீங்கள் இன்று பார்க்கப்போகிறவை, காலையில் வேன் வருவதற்கு முன்னும் சனிக்கிழமை அரை நாளிலும் எடுத்தவை.

முதல் படம், மழையில் நனைந்த ஒரு விமான ஓடுதளம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று என் மனைவியும் கேட்டார். அந்த ஓடுதளம் கிடப்பது ஓர் ஏரியின் அடித்தரையில். கடல் மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே. ஹார்லெமர்மேர் என்ற அந்த ஏரி புயல்தோறும் கரையைத் தின்று பெருத்துக்கொண்டே போனது. 1641இல் லேக்வாட்டர் என்ற பொறியாளர், 160 காற்றாலைகளை நிறுத்தி அதை இறைத்துவிடலாம் என்று ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார். அந்தப் பெயருக்குப் பொருளே ‘வெற்று நீர்’ என்பதுதான். ஏரியை வற்றடிக்கக் கிளம்பியவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது. ஆனால் காரியம் நடக்கவில்லை. 1836இல் வீசிய இரு புயல்களில் ஏரி நீர் ஒரு முறை ஆம்ஸ்டர்டாமின் வாயிலையும் மறுமுறை லெய்டனையும் தொட்ட பிறகுதான் அரசுக்கு வேகம் வந்தது. 1849 முதல் 1852 வரை மூன்று நீராவி நிலையங்கள் இறைத்து ஏரியைத் தரையாக்கின.

அந்த மூன்றில் ஒன்றான க்ரூக்கியஸ் இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. அடுத்த ஆறு படங்களும் அங்கே எடுத்தவை; கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பம்புக்காரனின் கோயில் அது. கோட்டைக் கொத்தளம் போன்ற வட்டக் கட்டடத்தைச் சுற்றிலும் எட்டு இரும்புத் துலாக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: எட்டு ஏற்றங்களை வட்டமாக நிறுத்தி, அவற்றின் உள்முனைகளையெல்லாம் நடுவிலுள்ள ஒரே இயந்திரத்தோடு பிணைத்துவிட்டால் எப்படியோ அப்படி. நீராவி ஒரு பெரும் எடையை மேலே தூக்கும். எடை இறங்கும்போது எட்டுத் துலாக்களின் வெளிமுனைகளும் எழுந்து நீரை ஏற்றும். நடுவிலுள்ள உருளையின் விட்டம் 144 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டருக்கும் மேல். இங்கிலாந்தின் கார்ன்வாலில் செய்து கொண்டுவந்து, 1933 வரை ஓட்டியிருக்கிறார்கள். இன்று பார்வையாளருக்காக எண்ணெய் அழுத்தத்தால் மெதுவாக அசைத்துக் காட்டுகிறார்கள். எட்டுத் துலாக்களும் ஒருசேரத் தலை நிமிரும் அந்தக் கணத்தில் எடுத்த படம் மங்கலாகத்தான் வந்தது. என் கை நடுங்கியிருக்க வேண்டும்.

இந்தப் படம் மறுநாள், நான் வேலையாகப் போயிருந்த டச்சுத் தொழிற்சாலையின் தொழிலாளர் உணவறையில், அனுமதி கேட்டு எடுத்தது. பகலுணவுக்கு டச்சுக்காரர் சோறு, குழம்பு என்று எதையும் சூடாக்குவதில்லை. ரொட்டித் துண்டு, சீஸ், சிலர் ரொட்டிமேல் சாக்லேட் துகளைத் தூவிக்கொள்வார்கள், கூடவே ஒரு கோப்பை மோர். ஆம், மோர்தான், உப்பும் கறிவேப்பிலையும் இல்லாத மோர். நான் இரண்டு கோப்பை குடித்ததைப் பார்த்து, ‘வெளிநாட்டுக்காரர்கள் இதைத் தொடமாட்டார்களே’ என்று வியந்தார்கள்.

இஸ்தான்புல்லில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய நிலத்தடி நீர்த்தொட்டியில், 336 தூண்களுக்கிடையே, எல்லாரும் தலைகீழாகக் கிடக்கும் மெதூசாவின் (கிரேக்கப் புராணத்தில் பாம்புகளே கூந்தலான பெண்) தலைச் சிலையைப் படம் எடுக்க முண்டியடித்தார்கள். நான் சுவரின் பூச்சை எடுத்தேன். நீர் கசியாத சாந்து பூசிய அந்தச் செங்கல் சுவரின் கனம் ஏறக்குறைய நான்கு மீட்டர். கீழே இப்படியொரு தொட்டி இருப்பதையே நகரம் மறந்துபோன காலத்தில், மேலே குடியிருந்தவர்கள் வீட்டுத் தரையிலிருந்த துளை வழியாக வாளி விட்டு நீர் மொண்டார்கள், மீனும் பிடித்தார்கள் என்று 16ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பிரெஞ்சு அறிஞர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

கடைசிப் படங்கள் வெளிநாட்டுப் படங்களா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் ஓமானுக்கு வந்து பதினோராம் ஆண்டில், அதே டச்சுத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பொறியாளர் இங்கே வேலையாக வந்தார். ‘உங்கள் ஊர் ஃபலஜைப் பார்க்க வேண்டும்’ என்றார். ‘உங்கள் ஊர்’ என்று அவர் சொன்னது ஓமானை, நான் திருத்தவில்லை. ஆனால் நானே அதை நெடுஞ்சாலையோரத்தில் கடந்து போனதோடு சரி. வெட்கத்தை மறைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அவரை நிஸ்வாவுக்கு அழைத்துப்போனேன்.

ஃபலஜ் என்பது மலையடிவாரத்து ஊற்றிலிருந்தோ, நிலத்தடி நீரைத் தொடும் தாய்க்கிணற்றிலிருந்தோ சரிவின் கணக்கிலேயே கிலோமீட்டர் கணக்கில் ஓடிவரும் கால்வாய்; ஒரு பம்புகூடக் கிடையாது. இந்த நாட்டில் மூவாயிரம் அளவில் இன்னும் ஓடுகின்றன. நிஸ்வாவின் தாரிஸ் உட்பட ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீர் ஊருக்குள் நுழையுமிடத்தில் முதலில் குடிப்பதற்கு, பிறகு குளிக்க, அதற்கும் பிறகே பேரீச்சந் தோப்புக்கு. இதற்குப் பொறுப்பானவருக்கு வகீல் என்று பெயர். நாம் நீதிமன்றத்தில் தேடுகிற அதே வக்கீல்தான். பங்கின் அளவு லிட்டரில் இல்லை, நேரத்தில். ஏறத்தாழ அரை மணி ஓர் அதர். நம் நாழிகைக்குச் சற்று அதிகம். இரவில் விண்மீன் எழுவதைப் பார்த்தும், பகலில் நட்டுவைத்த கோலின் நிழலைப் பார்த்தும் அந்த அரை மணியைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அந்த நிழற்கோல் இன்னும் நிற்கிறது. மடையைத் திறக்கக் காத்திருந்தவர் வங்கதேசத்துத் தொழிலாளி. அவர் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். தோப்புக்குச் சொந்தக்காரரான ஓமானியப் பெரியவரோ கோலின் நிழலை அளக்கத் தரையில் பதித்த கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் படத்தில் கோலின் மெல்லிய நிழலை மறித்துக் கொழுத்த கறுப்பாக விழுந்திருப்பது என் தலையின் நிழல். படம் எடுத்த மறுநொடியே, சற்றுத் தள்ளி நிற்கும்படி பெரியவர் கையை அசைத்தார்.