உண்மையைச் சொன்னால் பழகத் தெரியாதவன் என்கிறார்களே?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கும் சந்தேகத்தை முதலில் சுருக்கமாக வாசித்துவிடுகிறேன். "நண்பர் புதிதாக வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தரைமட்டம் சாலையைவிடத் தாழ்ந்திருப்பதால் மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று அங்கேயே சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் வேலை பார்க்கும் கடையில், பாக்கி கேட்டு வருகிறவரிடம் முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள். மறுத்தால் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள். நாலு பேரோடு பழக வேண்டுமானால் பொய் சொல்லித்தான் ஆக வேண்டுமா?"

பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் ஒரே சிக்கல் அல்ல என்பதால், தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

வீட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. அதுவும் அவருக்குப் பயன்படக்கூடிய உண்மை. 2015 நவம்பர் மழையில் நம் மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்த எவரும் அதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க மாட்டார்கள். ஆயினும், கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், சம்பந்தி வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் கேட்டது, தம் மகிழ்ச்சியில் நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்களா என்பதைத்தான். அதற்கு உண்மையாகவே சொல்லக்கூடிய பதில்கள் உங்களிடம் இருந்திருக்கும். காற்றோட்டம் நன்றாக இருந்திருக்கலாம், இத்தனை சிரமத்துக்கு நடுவிலும் ஒரு வீட்டைக் கட்டி முடித்தாரே என்று நீங்களே வியந்திருக்கலாம். அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் பொய்யும் கலந்திராது, நண்பருக்குத் தலைகுனிவும் வந்திராது. குறை சொல்வதற்கு முன், அந்தக் குறையை இப்போது, இந்த இடத்தில் திருத்த முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்கால் தோண்டும்போதே உங்களுக்குத் தெரிந்திருந்தால், அன்று சொல்லாமல் இருப்பதுதான் குற்றமாகியிருக்கும்.

அதற்காக, மனம் நோகும் என்று அஞ்சி எதையுமே சொல்லாமல் இருப்பதை நான் பண்பாடு என்று ஏற்கவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் பையனின் குடிப்பழக்கத்தை மறைத்துவிட்டு, 'நல்ல காரியத்தைக் கெடுக்க வேண்டாம்' என்று சொல்கிறார்களே, அந்த நயத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் பாழாகிறது.

கடை விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட இடங்களில், 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்ற குறளைப் பாதியோடு நிறுத்தித் தங்களுக்குத் துணையாக்கிக்கொள்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது. 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்ற நிபந்தனை உடனே தொடர்கிறது. உங்கள் முதலாளிக்குக் கிடைக்கும் நான்கு நாள் தவணை குற்றமற்ற நன்மை ஆகாது. அந்தத் தவணைக்காக இன்னொருவர் புதுச்சேரியிலிருந்து பேருந்து ஏறி வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்.

வடலூரில் 1872-இல் சத்திய ஞான சபையை எழுப்பிய வள்ளலார், 1854-இல் வெளிவந்த தம் மனுமுறை கண்ட வாசகத்தில், மகனால் கன்றை இழந்த பசுவின் துயரம் கண்ட சோழன் தான் என்னென்ன பாவம் செய்தேனோ என்று புலம்புவதாக ஒரு நீண்ட பட்டியல் தருகிறார். 'ஆசைகாட்டி மோசஞ் செய்தேனோ' என்பது அதில் ஒன்று. 'கலங்கி ஒளித்தோரைக் காட்டிக் கொடுத்தேனோ' என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. அஞ்சி ஒளிந்தவரைத் துரத்தி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் கூடாது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1797-இல் வாதிட்டார். நான் வள்ளலார் பக்கம்தான் நிற்பேன். உயிருக்குப் பயந்து ஒளிந்தவரைக் காட்டிக்கொடுக்கும் உண்மையால் யாருக்கும் நன்மையில்லை. ஆனால் உங்கள் முதலாளி உயிருக்குப் பயந்து ஒளியவில்லை. நாளை தருகிறேன், நாளை மறுநாள் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லி, ஆசை காட்டும் இடத்தில்தான் அவர் நிற்கிறார்.

ஆகவே, வந்தவரிடம், "ஐயா, இப்போது அவரைப் பார்க்க முடியாது, நீங்கள் வந்துபோனதை நான் கட்டாயம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி முதலாளியிடம் தெரிவியுங்கள். இதில் பொய் இல்லை, முதலாளியை நடுக்கடையில் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது. முதலாளியிடமும் தனியாக, "அண்ணே, என்றைக்குத் தர முடியும் என்று ஒரு தேதி சொல்லுங்கள், நான் அதையே அவரிடம் சொல்லிவிடுகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். எல்லா முதலாளிகளும் இதை ஏற்பார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். வேலை போய்விடும் என்ற உங்கள் அச்சமும் நியாயமானதே. ஆனாலும் பொய் சொல்ல மறுத்து முறைத்துக்கொண்டு நிற்பதைவிட இது எடுபடும் வாய்ப்பு அதிகம்.

நண்பரின் வீட்டுக்கு ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு நாள் போய்வாருங்கள். அன்று பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள். சொன்ன செய்தியை மட்டும் திரும்பப் பெற வேண்டாம். வாசற்படியை உயர்த்துவதா, சுற்றிலும் வடிகால் எடுப்பதா என்று ஒரு கொத்தனாரை அழைத்துவந்து காட்ட அவர் சம்மதித்தால், நீங்களும் கூடவே இருங்கள்.