இளநீர் நல்லதுதானே?

வணக்கம். டயாலிசிஸ் எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. வெயில் காலம் வந்தாலே என்னிடம் வரும் முதல் கேள்வி, "இளநீர் குளிர்ச்சிதானே மேடம், குடிக்கலாமா?" என்பதுதான்.

போன கோடையில் ஒரு பெரியவர். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். திங்கட்கிழமை மாலையே வந்துவிட்டார், கால் இரண்டும் துணியாகத் துவள்கிறது, வாசல் படி ஏற முடியவில்லை என்று. இசிஜி பார்த்த டாக்டர், இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போடச் சொல்லி, கையோடு மெஷினையும் தயார் செய்யச் சொன்னார். பொட்டாசியம் 7.2. விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த இளநீர் இரண்டு, மறுநாள் காலை முருங்கைக்கீரை சூப். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். அவள் மேல் என்ன தப்பு? அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்கலாம். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அது பழுதானவர்களுக்குத் தேங்கிப்போய், அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பல பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஒரு இளநீரில் மட்டும் 500 மில்லிகிராம் வாக்கில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லிக் குடிக்கும் வாழைத்தண்டு சாறும் இவர்களுக்கு ஆகாது.

சரி, அப்புறம் என்னதான் சாப்பிடுவது? காயைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கீழே கொட்டிவிடுங்கள். "சத்தெல்லாம் போயிடுமே" என்பார்கள். போகட்டும், அந்தப் பொட்டாசியம் போவதற்குத்தான் இந்தப் பாடு. வடித்த தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் ரசத்தில் ஊற்றினால் எல்லாம் திரும்ப உள்ளேதான் போகும். குக்கரில் சொட்டுத் தண்ணீர் விட்டு வேகவைப்பதிலும் பயனில்லை. பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஒரு சின்னக் கிண்ணம் போதும்.

பிரஷர் இருக்கிறதே என்று 'சோடியம் குறைந்த' உப்பு வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும், நாள்பட்ட மலச்சிக்கலும் கூட அளவை ஏற்றிவிடும். சில பிரஷர் மாத்திரைகளும் ஏற்றும்தான், ஆனால் அவை தேவையான மாத்திரைகள், டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

சிறுநீரகப் பிரச்சினை என்றதும் எல்லாருக்கும் இந்தப் பத்தியம் கிடையாது, அதையும் சொல்லியாக வேண்டும். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் சரியாக இருந்தும் பயந்துபோய்ப் பழம், காய் எல்லாவற்றையும் நிறுத்தி எலும்பும் தோலுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மருமகள் போன வாரம் போன் செய்தாள், மாமாவுக்கு சௌசௌ கூட்டு வைக்கலாமா என்று. வேகவைத்து வடித்துவிட்டு வைம்மா, என்றேன்.