எட்டே டிராக், இரண்டே பேர்

நண்பர்களுக்கு வணக்கம். உள்ளே வரும்போது ஒருவர், "கராஜ் ராக் என்றால் என்ன சார்?" என்று கேட்டார். கார் ஷெட் ராக் என்றேன். சிரித்தார். கிண்டல் இல்லை, பெயரே அங்கிருந்துதான் வந்தது. 1960களில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கிதாரையும் டிரம்ஸையும் போட்டுக்கொண்டு, தெரிந்த இரண்டு மூன்று கார்ட்ஸை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை வைத்தே வெளுத்து வாங்கினார்கள். கையில் காசில்லை, பதிவு செய்தால் பிசிறடித்தது. 1963-ல் தி கிங்ஸ்மென் குழு பதிவு செய்த 'லூயி லூயி'யில் வரிகள் அவ்வளவு குழறல். ஏதோ ஆபாசமாகப் பாடுகிறார்கள் என்று புகார் போய், அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ விசாரித்து, கடைசியில் என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை என்று கைவிட்டது!

அவர்களுக்கு வேறு வழியில்லை. நான் பேச வந்திருப்பது, வழியிருந்தும் அந்தப் பிசிறைத் தேடிப் போன ஒரு குழுவைப் பற்றி.

டெட்ராய்ட் நகரத்து தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ். குழு என்றாலும் ஆள் இரண்டே பேர்தான். கிதாரும் குரலும் ஜாக் ஒயிட், டிரம்ஸ் மெக் ஒயிட். அக்கா தம்பி என்று ஊருக்குச் சொன்னார்கள். உண்மையில் கல்யாணமாகி விவாகரத்து ஆனவர்கள். அது கிடக்கட்டும். 2002 ஏப்ரலில், பேரும் புகழும் வந்துவிட்ட பிறகு, லண்டன் ஹாக்னியில் டோ ராக் என்ற சின்ன ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பழைய டேப் மிஷின், எட்டே டிராக், அதாவது ஒலிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்ய எட்டே தடம். பெரும்பகுதி வேலை இரண்டு வாரத்தில் முடிந்தது. அடுத்த வருடம் 'எலிஃபண்ட்' ஆல்பம் வெளிவந்தது. பாட்டு எழுதியதிலிருந்து மாஸ்டரிங் என்ற கடைசி மெருகேற்றல் வரை கம்ப்யூட்டர் தொடவே இல்லை என்று அதில் அச்சடித்தே போட்டார்கள்.

எட்டு டிராக் என்றால் என்ன அர்த்தம்? இன்றைக்கு டிரம்ஸுக்கு மட்டுமே பத்துப் பன்னிரண்டு டிராக் போடுவார்கள். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அப்புறம் சாவகாசமாக யோசிக்கலாம். எட்டில் அந்தச் சொகுசு கிடையாது. நாலைந்து மைக்கின் சத்தத்தை அங்கேயே கலந்து ஓரிரு டிராக்கில் இறக்க வேண்டும். இறக்கினால் இறக்கியதுதான், குழம்பில் போட்ட உப்பு மாதிரி.

முதல் பாட்டு 'செவன் நேஷன் ஆர்மி'. ஏழே ஸ்வரத்தில் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன மெட்டுத் துண்டு, தனியாக வருகிறது. பிறகு காலால் அடிக்கும் கிக் டிரம், சுவரில் யாரோ கையால் குத்துகிற மாதிரி, ஒரே சீராக. அதன் மேல் குரல். வேறு ஒன்றுமே இல்லை. மெக்குக்கு வாசிக்கத் தெரியாது என்று அப்போது நிறையப் பேர் நக்கலடித்தார்கள். அந்த இடத்தில் அவர் கைவரிசை காட்டியிருந்தால் பாட்டு செத்திருக்கும் என்பது என் கட்சி.

இன்னொரு வேடிக்கை. அந்த ரிஃப்பை தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பேஸ் கிதார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. கிதாரின் சத்தத்தையே வாமி என்ற பெடல், அதாவது காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவி வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார் ஜாக். அந்தப் பெடல் டிஜிட்டல் சமாச்சாரம்! கம்ப்யூட்டர் இல்லை என்று மார்தட்டிய ஆல்பத்தில்தான் இது. எனக்கு இதில் கோபம் இல்லை. பச்சையாக இருப்பதும் மடிசஞ்சியாக இருப்பதும் ஒன்றல்ல. தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பதினாலு பாட்டும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பாட்டில் வெளியாள் ஒருவரும் சேர்ந்து மூன்று பேர் மாறி மாறிக் கொஞ்சிக்கொள்வது எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'பால் அண்ட் பிஸ்கட்' (Ball and Biscuit) இருக்கிறதே, அதில் கிதார் திடீரென்று வெடிக்கும்போது நாம் ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்ப்போம். நான் பார்த்திருக்கிறேன்.

2003 அக்டோபரில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக் கால்பந்து அணியின் ரசிகர்கள் மிலான் நகரில் அந்த ரிஃப்பை வார்த்தையே இல்லாமல் பாடினார்கள். 2006 கால்பந்து உலகக் கோப்பையில் இத்தாலியே பாடியது. அங்கே கிதார் கிடையாது, பெடல் கிடையாது, தொண்டை மட்டும்தான்.

சரி, நான் பேசியது போதும். தம்பி, அந்த முதல் பாட்டைப் போடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.