முப்பது பேருக்கு முப்பது நிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இருவருக்கும் இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். சென்னையில் சிறுசேரிப் பக்கம் ஒரே மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். இப்போது வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறார்கள். கையில் பதினாலு பக்கத் திட்டம். ஏஐயைத் துணைக்கு வைத்துக்கொண்டு நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதுவது எப்படி என்று யாருக்கு வேண்டுமானாலும் தமிழில் சொல்லித் தருவது. ஆறு வாரம், ஆன்லைன் வகுப்பு, பேட்சுக்கு முப்பது பேர், தலைக்கு 6,000 ரூபாய். "இது ஓடுமா சார்?" என்று கேட்டார்கள்.

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. கோவையில் 1996 தொடங்கி இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவன் நான். சென்டர் ஓடிய காலமும் தெரியும், அதில் உட்கார்ந்து ஈ ஓட்டிய காலமும் தெரியும்.

ஆள் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரும். 2021இல் நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி வந்தபோது அது தொழில்முறைக்காரர்களின் சமாச்சாரமாக இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு எல்லோர் கைக்கும் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கர்பாத்தி, ஓபன்ஏஐயை ஆரம்பித்தவர்களில் ஒருவர், இந்த வேலைக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். வாயால் சொன்னால் நிரல் வந்துவிடும், அதைப் படித்துக்கூடப் பார்க்க வேண்டாம் என்கிற பாணிக்கு அந்தப் பெயர். அதே வருடம் காலின்ஸ் அகராதிக்காரர்கள் அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். நம் நாட்டிலும் 2025இல் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ கருவியை ஓராண்டுக்கும், ஜியோ கூகுளின் ஜெமினியைப் பதினெட்டு மாதத்துக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தன. கருவி சட்டைப் பையில் இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்கள் நம்மூரில் ஏராளம். தமிழில் சொல்லித் தருவதும் வெறும் ஆசை அல்ல. சென்னையில் தமிழில் கோடிங் சொல்லித் தந்து வளர்ந்த குவி நிறுவனத்தை 2022இல் ஹெச்.சி.எல். குழுமம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆக, திட்டத்தின் முதல் நான்கு பக்கம் பாஸ்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விளம்பர மாதிரி இருந்தது. 'உங்கள் பிள்ளை பின்தங்கிவிடுவானா?' அதை மட்டும் கிழித்துக் கொடுத்தேன். 2020இல், பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கோடிங் சொல்லித் தந்த ஒயிட்ஹேட் ஜூனியரை, ஆன்லைன் கல்விக் கம்பெனியான பைஜூஸ் 300 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கோடிங் தெரியாவிட்டால் எதிர்காலமே இல்லை என்கிற மாதிரி விளம்பரங்கள். கோடிகளில் சம்பளம் வாங்குவதாகக் காட்டிய 'உல்ஃப் குப்தா' என்ற பையன் கடைசியில் கற்பனை என்று தெரிந்தது. 2024இல் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் பெற்றோரைப் பயமுறுத்திச் சேர்க்கும் வியாபாரத்தில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது.

எனக்கும் அதில் பங்கு உண்டு என்பதால்தான் சொல்கிறேன். 1998, 99இல் ஒய்டுகே அலை அடித்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் நின்றுவிடும், அதைச் சரிசெய்ய கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். நானும் போர்டு மாட்டினேன். ஜனவரி பிறந்தது, ஒன்றும் நிற்கவில்லை, வேலைதான் நின்றது. சரி என்று ஜாவாவுக்கு மாறினேன். 2001இல் அமெரிக்காவில் இணையக் கம்பெனிகள் விழுந்த டாட்காம் சரிவின் சூடு இங்கேயும் தெரிந்தது. ஒரு பையனின் அப்பா ரசீதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 14,000 ரூபாய் ரசீது. திருப்பிக் கொடுக்க அப்போது என்னிடம் பணம் இல்லை.

அந்த அனுபவத்தில் நான் கேட்கிற முதல் கேள்வி: உங்கள் சான்றிதழை எதிர்ப்பக்கத்தில் யார் வாங்குகிறார்கள்? நம்மூர்த் தட்டச்சுப் பயிலகங்களைப் பாருங்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று விரல் தேய அடித்தவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் பயிலகங்கள் இன்றைக்கும் சாகவில்லை. லோயர், ஹையர் தேர்வை அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது, தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழை அரசே கேட்கிறது. விற்பவனும் வாங்குபவனும் இருக்கிற சந்தை அது. ஏஐ கோடிங் சான்றிதழை எந்தக் கம்பெனி கேட்கிறது? இந்தப் பிள்ளைகளால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு, கருவி செய்யும் கம்பெனிகளே இலவசப் பாடமும் வைத்திருக்கின்றன. எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்ற பாடம் ஆறு மாதத்தில் பழசாகிவிடும்.

அடுத்த விஷயம் அவர்கள் கணக்கில் வரவே இல்லை. எனக்கே பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது.

தட்டச்சு வகுப்பில் நாற்பது பேரும் ஒரே வரியைத்தான் அடிப்பார்கள். நான் சி மொழி நடத்தியபோதும் அப்படித்தான். எல்லோரும் அதே ஃபேக்டோரியல் நிரல், அதே பகா எண் நிரல். யார் எங்கே தப்புவிடுவார்கள் என்று எனக்கு மனப்பாடம். பின்வரிசைப் பையன் கை தூக்கினால் எழுந்து போகாமலே "செமிகோலனைப் போடு" என்பேன். ஒருத்தன் முப்பது பேரைச் சமாளிக்க முடிந்ததன் ரகசியம் அவ்வளவுதான். ஏஐயோடு நிரல் எழுதும் வகுப்பில் அது நடக்காது. ஒரே கேள்வியை முப்பது பேர் கேட்டாலும் முப்பது விதமான நிரல் வரும். ஒருவருக்கு ஒரே கோப்பில் இருநூறு வரி, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்பது கோப்பு, இன்னொருவருக்கு ஆசிரியரே கேள்விப்படாத ஒரு நூலகத்தை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பை, அது இழுத்துவந்திருக்கும். முப்பதையும் உட்கார்ந்து படித்தால்தான் யார் எங்கே மாட்டியிருக்கிறார் என்று தெரியும்.

கணக்குப் போட்டோம். திட்டப்படி வாரத்துக்கு இரண்டு வகுப்பு, இரண்டிரண்டு மணி நேரம். ஒரு பேட்சுக்கு வாரம் 4 மணி. ஓர் ஆசிரியர் ஐந்து பேட்ச் பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள், மொத்தம் 20 மணி. ஆனால் ஒவ்வொருவரின் நிரலையும் வாரம் அரை மணி பார்த்தால் முப்பது பேருக்கு 15 மணி. வகுப்போடு சேர்த்துப் பேட்சுக்கு 19 மணி. அப்படியென்றால் ஓர் ஆசிரியர் இரண்டு பேட்சுக்கு மேல் பார்த்தால் தூங்க முடியாது. வருமானம் ஐந்திலிருந்து இரண்டாக விழுந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் சோதனைக்கு 18,000 ரூபாய் விளம்பரம் போட்டு 11 பேரைச் சேர்த்திருந்தார்கள். தலைக்கு 1,600 ரூபாய்க்கு மேல் அதிலேயே போய்விட்டது.

"அந்தச் சந்தேகத்தையும் ஏஐயிடமே கேட்டுக்கலாமே சார்" என்றான் பையன். நியாயமான பதில்தான். ஹார்வர்டில் சிஎஸ்50 என்ற பிரபலமான பாடத்துக்கு 2023இல் வாத்து உருவத்தில் ஓர் ஏஐ உதவியாளரையே செய்துவைத்தார்கள். விடையைச் சொல்லாது, வழியை மட்டும் காட்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கேயும் ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. 'இது ஏன் ஓடவில்லை' என்ற கேள்விக்கு ஏஐ நன்றாகவே பதில் சொல்லும். 'ஓடுகிறது, ஆனால் சரியா?' என்பது வேறு கேள்வி.

சரி, பேசிக்கொண்டே இருப்பானேன் என்று ஒரு பரீட்சை வைத்தேன். திருப்பூரில் என் நண்பர் ஒருவர் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். இருபத்துச் சொச்சம் தையல் மெஷின், ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்று எல்லாம் உண்டு. பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. யார் எத்தனை பீஸ் தைத்தார், என்ன ரேட், அட்வான்ஸ் பிடித்தம் எவ்வளவு என்று அத்தனையும் பதினைந்து வருடமாக ஒரு நீள நோட்டில் போட்டு வருகிறார் அங்கே கணக்குப் பார்க்கும் அம்மா. அதற்கு ஒரு நிரல் செய்துகொடுங்கள் என்றேன். இரண்டு பேரும் ஒரே ராத்திரியில் ஏஐயை வைத்துச் செய்துவிட்டார்கள். போனில் ஓடுகிறது, தமிழில் இருக்கிறது, கலர் கலராகக் கூலிச் சீட்டு வருகிறது. நான் அசந்துவிட்டேன். என் காலத்தில் அதற்கு மூன்று மாதம் ஆகியிருக்கும்.

முதல் சனிக்கிழமை நோட்டும் போனும் ஒத்துப்போயின. இரண்டாவது வாரம் நடுவில் ஒரு ஸ்டைலுக்குப் பீஸுக்கு 50 காசு ஏற்றினார்கள். அந்த அம்மா புது ரேட்டைப் போட்டார். அப்புறம் போன வாரக் கணக்கை எதற்கோ திறந்து பார்த்திருக்கிறார். "ஏங்கண்ணு, போன வாரம் குடுத்து முடிச்ச கூலி எப்படி ஏறுச்சு?" என்று கேட்டார். நிரல் ஒரு ஸ்டைலுக்கு ஒரே ரேட்டைத்தான் வைத்திருந்தது. அதை மாற்றியதும் பழைய வாரங்களின் கூலியும் சேர்ந்து மாறிவிட்டது. எந்தத் தேதியிலிருந்து எந்த ரேட் என்று தனியாக வைத்திருக்க வேண்டும். ஏஐயிடம் இதைச் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தது. சொல்வதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த இருவருக்கும் அது படவில்லை, எனக்கும் படவில்லை. நோட்டுப் போட்ட கைக்குத்தான் தெரிந்தது.

கற்றவர்களுக்கே இதில் கண் மறைக்கிறது. மெட்ர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025இல் ஒரு சோதனை நடத்தியது. தங்கள் மென்பொருள் திட்டங்களில் பல வருடம் ஊறிய 16 நிரலாளர்கள், 246 வேலைகள். ஏஐ இருந்தபோது வேலை முடிய 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த வருடத் தொடக்கத்துக் கருவிகளோடு செய்தது, கருவிகள் அதற்கப்புறம் நிறைய மாறிவிட்டன, அதனால் அந்த எண்ணையே பிடித்துத் தொங்க வேண்டாம். நினைப்புக்கும் நடப்புக்கும் நடுவே இருந்த தூரத்தைத்தான் நான் பார்க்கிறேன். அதே வருடம் ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்க முதலீட்டாளர், சொன்னால் நிரல் எழுதித் தரும் ரெப்லிட் என்ற ஏஐ கருவியை வைத்து ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியும் அந்த ஏஐ உண்மையான தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. தரவை மீட்டுவிட்டார்கள், நிறுவனத்தின் தலைவரும் மன்னிப்புக் கேட்டார். திருப்பூரில் வெள்ளிக்கிழமை ராத்திரி அப்படி ஆகியிருந்தால் சனிக்கிழமை பட்டுவாடா என்ன ஆவது? அந்த அம்மா நோட்டை இன்னும் மூடவில்லை என்பது நல்லதாகப் போயிற்று.

திரும்ப உட்கார்ந்தபோது திட்டம் தானாகவே வேறு பக்கம் திரும்பியது. வேலை தேடும் பிள்ளைகளுக்கு நடத்துவதை இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னேன். விடை சரியா என்று அவர்களால் சொல்ல முடியாது, கற்றுக்கொண்டதை மறுநாளே போட்டுப் பார்க்க இடமும் இல்லை. கணக்கர்கள், ஸ்டோர் பார்ப்பவர்கள், ஆடிட்டர் ஆபீசில் இருப்பவர்கள், ரத்தப் பரிசோதனை லேப் நடத்துபவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு விடை தெரியும், நிரல்தான் தெரியாது. பேட்சுக்குப் பத்துப் பேர். ஒவ்வொருவரும் தன் சொந்த நோட்டையோ எக்செல் கோப்பையோ கொண்டுவர வேண்டும். ஃபீஸ் 12,000, கட்டுவது முதலாளி. பத்துப் பேருக்கு 1,20,000. நிரல் பார்க்க வாரம் 5 மணி, வகுப்பு 4 மணி. விளம்பரச் செலவும் ஏறக்குறைய இல்லை, ஒரு யூனிட்டில் ஓடினால் பக்கத்து யூனிட்காரர் தானே வந்து கேட்பார்.

பாடமும் மாறுகிறது. ப்ராம்ப்ட், அதாவது ஏஐக்குக் கொடுக்கும் கட்டளை, எழுதும் சூத்திரம் ஒரு நாளோடு சரி. வேலையைச் சின்னச் சின்னதாக உடைப்பது, பழைய நோட்டிலிருந்து பத்து வாரக் கணக்கை எடுத்து நிரலுக்குப் பரீட்சை வைப்பது, திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்துவைப்பது. மற்ற நாளெல்லாம் இவைதான்.

இதில் பெரிய கம்பெனி வருமா, முதலீட்டாளர் வருவாரா என்று கேட்டான் பையன். இந்த அளவில் யாரும் வரமாட்டார்கள் என்றேன். முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் மட்டும் நோட்டில் பத்து யூனிட்டின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் பேட்ச் அடுத்த மாதம் திருப்பூரில். ஏழு பேர் பணம் கட்டிவிட்டார்கள், அதில் ஒருவர் நம் நீள நோட்டு அம்மா. அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "சனிக்கிழமை மட்டும் கிளாஸ் வெச்சுராதீங்க கண்ணு, பட்டுவாடா இருக்குது." அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறார்கள்.

வணக்கம்.