காணொலிக்கு முன் ஒரு குச்சி: ஸ்மார்ட் போர்டும் வினவிக் கற்றலும் பற்றிய ஐயத்துக்கு விளக்கம்

வணக்கம். சென்ற பதிவைப் பார்த்துவிட்டு, மதுரை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அதை முதலில் வாசித்துவிடுகிறேன்.

"ஐயா, எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. பூமி தன்னைத்தானே சுழல்வதையும் சூரியனைச் சுற்றிவருவதையும் பற்றி அருமையான காணொலி ஒன்றைப் போட்டேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் விளக்கத் தெரியவில்லை. பயிற்சியில் வினவிக் கற்றல் முறையில், அதாவது பிள்ளைகளே கேள்வி எழுப்பி விடை தேடும் முறையில், நடத்தச் சொல்கிறார்கள். ஆனால் நான் கேள்வி கேட்டால் நன்றாகப் படிக்கும் இரண்டு பேர் மட்டுமே வாய் திறக்கிறார்கள். பாடமும் முடிய மாட்டேன் என்கிறது. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது?"

சகோதரி, உங்கள் காணொலியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது வகுப்புக்குள் நுழைந்த நேரம்தான் தவறு. பிள்ளைகள் மனத்தில் ஒரு கேள்வி எழுவதற்கு முன்பே விடை வந்து இறங்கிவிட்டது. கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடையைப் பத்து வயதுப் பிள்ளை எதற்காக நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறது? நானும் பல ஆண்டுகள் வண்ணப் படங்களை முதலில் காட்டிவிட்டு, பிறகு "புரிந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், "புரிந்தது சார்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும்போது மனம் நிறைந்துபோனவன். அந்தக் குரலுக்கும் புரிதலுக்கும் தொடர்பில்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு நீண்ட காலம் பிடித்தது. எனவே நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முதலில் பிள்ளையின் ஊகம், பிறகு பிள்ளையின் கை, அதற்குப் பிறகே கருவி.

இதை உங்கள் பாடத்தைக் கொண்டே விளக்குகிறேன். ஜூலை மாதத்தில் வெயில் அடிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, பள்ளி முற்றத்தில் சரியாக ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு குச்சியை நிமிர்த்தி நடுங்கள்; செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் நூலில் கல்லைக் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் இரண்டு விடைகளை எழுதட்டும். நிழல் எத்தனை மணிக்கு மிகவும் குட்டையாக இருக்கும்? அப்போது எந்தத் திசையில் விழும்? வாயால் கேட்டால் இரண்டு பேர் சொல்வார்கள். எழுதச் சொன்னால் முப்பது பேரும் தங்கள் ஊகத்தோடு மாட்டிக்கொள்வார்கள். கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளைக்கும் தன் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ளும் அவசரம் வந்துவிடும். பெரும்பாலும் எல்லோரும் "12 மணி" என்று எழுதுவார்கள். அந்த விடையைத் திருத்தாதீர்கள்.

பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து, நேரத்தையும் நீளத்தையும் குறிக்க வேண்டும். குழுக் குழுவாக முறை மாற்றி அனுப்பினால் மற்ற வேலைகளும் நடக்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள். உங்கள் கைபேசியை ஒரு முக்காலியின் மேல் அசையாமல் வைத்து, ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். மதியம் வகுப்புக்குத் திரும்பியதும் அந்தப் படங்களை ஸ்மார்ட் போர்டில் வரிசையாக ஓட விடுங்கள். தாங்கள் வைத்த புள்ளிகள் திரையில் நகர்வதைப் பிள்ளைகள் பார்க்கும்போது, அந்தத் திரை முதல் முறையாக அவர்களுடையதாக ஆகும்.

அட்டவணையில் என்ன வரும்? ஜூலை நடுவில் மதுரைப் பக்கத்தில் நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணி அல்ல. 12 மணி 20 நிமிடத்தையும் தாண்டியிருக்கும். நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நிழல் விழும் திசை தெற்கு. "கடிகாரம் தப்பா சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும். இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதுரை 78 டிகிரியை ஒட்டி இருக்கிறது. 24 மணி நேரத்தில் பூமி 360 டிகிரி சுழன்றால் ஒரு டிகிரிக்கு எத்தனை நிமிடம் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வகுத்துப் பார்க்கலாம். நான்கு நிமிடம் வரும். ஏறத்தாழ நாலரை டிகிரி மேற்கே இருப்பதால் நமக்கு உச்சிப் பொழுது 18 நிமிடம் பிந்துகிறது. மீதியுள்ள சில நிமிடங்கள் பூமியின் சுற்றுப்பாதையாலும் அச்சுச் சாய்வாலும் வருபவை. அதை உயர் வகுப்புக்கு விட்டுவிடலாம். அறிவியல் பாடமாகத் தொடங்கியது எப்போது சமூக அறிவியலுக்குள் போனது என்பதே தெரியாமல் தீர்க்கக்கோடு உள்ளே வந்துவிட்டது, பாருங்கள்.

நிழலைக் கொண்டு திசை காண்பது நமக்குப் புதிதும் இல்லை. நெடுநல்வாடையில் அரசனின் மாளிகைக்கு மனை வகுக்கும் இடத்தில், நண்பகலில் கோல் நட்டுத் திசை குறித்துக் கயிறிட்டு அளந்த செய்தி வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் ஒரு நிமிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் நட்ட குச்சிக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும்.

தொழில்நுட்பம் என்றாலே திரை என்று எண்ணிவிடுகிறோம். மூடி போட்ட டம்ளரில் பனிக்கட்டியைப் போட்டு வைத்தால் வெளியே நீர் முத்துமுத்தாகப் பிடிக்கிறது. "உள்ளிருக்கும் தண்ணீர் கசிகிறது" என்றே பிள்ளைகள் சொல்வார்கள். மளிகைக் கடையில் இருக்கும் டிஜிட்டல் தராசு ஒன்றை இரவல் வாங்கி, அதன்மேல் அந்த டம்ளரை வைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். கசிந்திருந்தால் எடை மாறக் கூடாது. ஆனால் எண் ஓரிரு கிராம் ஏறும். வெளியிலிருந்து ஏதோ வந்து ஒட்டியிருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

சமூக அறிவியலில் உங்கள் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் எர்த்தைத் திறந்து காட்டும் ஆசையை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் நினைவிலிருந்து ஊரின் வரைபடத்தை வரையட்டும்: கரை எங்கே, மடை எங்கே, மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எங்கே, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அடுத்து எல்லோருமாகக் கரைமேல் நடந்துபோய்த் தங்கள் படத்தைத் திருத்தட்டும். அதன்பின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால், "என் படத்தில் கலுங்கு இடம் மாறிவிட்டது", "வரத்துக் கால்வாய் நடுவில் காணோமே" என்று அவர்களே தொடங்குவார்கள். காணாமற்போன கால்வாய் ஒரு சமூக அறிவியல் கேள்வி. எப்போது மறைந்தது, யாருக்கு நினைவிருக்கிறது, மறைந்ததால் யார் வயல் காய்ந்தது என்று ஊரில் வயதானவர்களைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து வரலாம். ஒரு தாத்தா ஒன்று சொல்வார், ஓர் அப்பத்தா வேறு சொல்வார். யாரை நம்புவது, ஏன் என்று பிள்ளைகள் வாதிட வேண்டும். வரலாறு எழுதுகிறவர்கள் செய்யும் வேலையே அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் வசதி 1984 முதலான ஆண்டுகளைக் காட்டுகிறது. ஆனால் லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள்கள் எடுத்த பழைய படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். பெரிய அணை சுருங்குவதும் விரிவதும் அதில் தெரியும். மூன்று மீட்டர் அகலக் கால்வாய் தெரியாது. கருவி எதைக் காட்டாது என்பதையும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும். இன்னொன்று, வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவைத் தனித்தனி வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை அன்றைக்கே பாடத்திலிருந்து விலகிவிடும். பள்ளியின் ஒரே கருவியைக் குழுக்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் நியாயம்.

பாடம் முடிவதில்லை என்ற உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது; இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கும் பள்ளிகளை நான் அறிவேன். எல்லாப் பாடத்தையும் வினவிக் கற்றலாக மாற்றச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்டங்களின் பெயர்களையும், ஒரு மன்னரின் காலத்தையும், மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் உள்ள வேறுபாட்டையும் பிள்ளை ஆராய்ந்து கண்டுபிடிக்க வழியில்லை. அவற்றைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு நகர்வதில் ஒரு குற்றமும் இல்லை. கையால் தொட, அளக்க, நடந்து பார்க்க, ஊரில் கேட்க இடமுள்ள பாடங்கள் பருவத்துக்கு மூன்றோ நான்கோ இருக்கும். அவற்றுக்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுங்கள்.

அந்தக் குச்சியைப் பிடுங்கிவிடாதீர்கள். வாரம் ஒரு நாள் உச்சிப் பொழுதில் ஒரு குழு போய் நிழலை அளந்து எழுதி வரட்டும். பத்து நிமிட வேலைதான். ஆகஸ்ட் தொடக்கத்தில் 20 சென்டிமீட்டர் 14 ஆகியிருக்கும், ஆகஸ்ட் நடுவில் 7 ஆகும். "அடுத்த வாரம் எவ்வளவு?" என்று ஒவ்வொரு முறையும் ஊகம் எழுத வையுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள் உங்கள் முற்றத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. செப்டம்பர் முதல் வாரத்தில் நிழல் மறுபடி வரும், ஆனால் வடக்குப் பக்கமாக. ஏன் பக்கம் மாறியது என்று அவர்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டு கேட்கும் அன்று, முதலில் போட்ட அதே காணொலியை ஸ்மார்ட் போர்டில் திரும்பப் போடுங்கள்.