கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பாதி காதால் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சிறு குழந்தையைப் பெற்றவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது செய்ய வேண்டியவற்றையா, செய்யக் கூடாதவற்றையா என்பது தலைப்பு. நான் செய்யக் கூடாதவற்றின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பட்டியல் வாசித்தார். கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், வண்ணம் காட்டுங்கள், விரலுக்குப் பயிற்சி கொடுங்கள், மூளைக்கு விளையாட்டு கொடுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்ட எனக்கே மூச்சு வாங்கியது. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பாலூட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? அவர் பட்டியலில் ஒன்றுகூடத் தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒன்றை இன்றைக்கு விட்டுவிட்டால் நாளைக்குச் செய்துகொள்ளலாம். என் பட்டியலில் இருப்பதை ஒரு தடவை மீறினால் சில சமயம் நாளை என்பதே கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தைக்கு எதுவும் செய்ய மனமில்லாத பெற்றோர் இந்த அரங்கில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? தேடினாலும் கிடைக்க மாட்டீர்கள். எல்லோரும் எதையாவது செய்யத் துடிக்கிறவர்கள்தான். குழந்தை இருமினால் ஏதாவது கொடுக்கணும், அழுதால் உடனே நிறுத்தணும், நடக்கவில்லை என்றால் நடக்க வைக்கணும். அந்தக் கை சும்மா இருக்காது. பாசமுள்ள கைதான், பதறுகிற கையும் அதுதான். அதை எங்கே தடுத்து நிறுத்துவது என்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்கிறேன்.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன நூற்றாண்டின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக் காலம் மேலை நாட்டு வளர்ப்பு நூல்கள் பலவும், மருத்துவர்கள் பலரும், கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வையுங்கள் என்று சொன்னார்கள். மல்லாக்கப் படுத்தால் கக்கும் பால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெற்றோரும் அக்கறையோடு செய்தார்கள். ராத்திரி தூங்கப்போன குழந்தைகள் சில காலையில் எழுந்திருக்கவில்லை, ஏன் என்றும் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் பெரிய பிரசாரம் நடத்தி, குப்புறப் படுக்க வைக்காதீர்கள், மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திடீர் மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. 2005-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் கசப்பானதைச் சொன்னது. குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான சான்றுகள் 1970 வாக்கிலேயே இருந்தன, அப்போதே அவற்றைச் சேர்த்துப் பார்த்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் மட்டும் 50,000 குழந்தைகளாவது பிழைத்திருக்கக்கூடும் என்று.

பாலைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது, கக்கினாலும் பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம்.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். "மல்லாக்கப் படுக்க வை என்பதே செய்ய வேண்டியதுதானே, எங்கள் கட்சிதானே?" என்று அவர் கேட்பது இங்கே கேட்கிறது. சரி, அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படுக்கையில் மற்றதைப் பாருங்கள்: தலையணை கூடாது, மெத்துமெத்தென்ற பொம்மை கூடாது, முகத்தை மூடுகிற மாதிரி தளர்வான போர்வை கூடாது, சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு நீங்கள் தூங்கிவிடக் கூடாது. ஐந்தில் நான்கு என் பக்கம்.

அடுத்து, பதறுகிற நேரம். காய்ச்சல் ஏறி ஒரு குழந்தைக்கு வலிப்பு வருகிறது. கண் மேலே சொருகுகிறது, கை கால் வெட்டி இழுக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒன்று செய்வார்கள். ஒருவர் பல்லுக்கிடையில் கரண்டியைத் திணிப்பார், ஒருவர் தண்ணீர் புகட்டுவார், ஒருவர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பார். மூன்றுமே கெடுதல். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. கரண்டியால் பல் உடையும், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும் முதல் தடவை வந்ததானாலும் மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குள் தானாகவே நின்றுவிடும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கணும் என்கிறேன். அந்த நேரத்தில் போய்ப் புத்தகத்தைப் புரட்ட முடியுமா?

தரை துடைக்கும் திரவத்தைக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது ஒரு தடவை சுட்ட தொண்டையை வெளியே வரும்போது இன்னொரு தடவை சுடும். மண்ணெண்ணெய் போன்றவை என்றால் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும், அது இன்னும் மோசம். சுட்டுக்கொண்டால் பற்பசை பூசாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். (இந்தப் பற்பசை வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, பல் மருத்துவராக மட்டும் இருக்க வாய்ப்பில்லை.)

கைக்குழந்தைக்கு வருகிறேன், இது சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது, ஒரு சொட்டும் கூடாது. தேனில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடல் அதைச் சமாளித்துவிடும், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைக் கக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. "வெயிலாயிருக்கே, தொண்டை வறண்டு போகாதா?" என்று கேட்பார்கள். பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. வேறு தண்ணீர் கொடுத்தால் குட்டி வயிறு நிரம்பிப் பால் குறையும்.

இப்போது நான் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம். அழுகை. பிறந்து ஆறு வாரம் எட்டு வாரம் ஆகும்போது குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போகும். பால் கொடுத்தாச்சு, துணி மாற்றியாச்சு, தோளில் போட்டு நடந்தாச்சு, காய்ச்சலும் இல்லை, ஆனாலும் அழுகிறது. மணி ராத்திரி இரண்டு. அப்போது ஒரு கோபம் வரும் பாருங்கள், பெற்ற பிள்ளை மேலேயே வரும். நல்ல மனிதர்களுக்கும் வரும். அந்த நொடியில் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. தலை கனம், கழுத்தில் பலம் இல்லை, சில விநாடி உலுக்கினாலே மூளையைச் சுற்றியுள்ள ரத்த நாளங்கள் கிழிந்துவிடும். பார்வை போகலாம், உயிரே போகலாம். கோபம் வந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்கையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து பத்து நிமிடம் உட்காருங்கள். அது அழட்டும். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதை ஒரு தாயிடமோ தகப்பனிடமோ பிரசவ அறையிலேயே சொல்லி அனுப்பினால், எதிரணி நண்பரின் வண்ண அட்டைகளையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கம் திருப்புகிறது, கரண்டி அந்தப் பக்கம் போகிறது. தலை அந்தப் பக்கம், கரண்டி இந்தப் பக்கம். கடைசியில் கைபேசியை முன்னால் நிறுத்தி ஒரு பொம்மைப் படத்தைப் போடுகிறார்கள். வாய் லேசாகத் திறக்கிறது, கண் திரையை விட்டு அசையவில்லை, கரண்டி உள்ளே போகிறது. தட்டு காலியானதும் வீட்டுக்கே சந்தோஷம். குழந்தைக்கோ என்ன சாப்பிட்டோம் என்றும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. போதும் என்று அது தலையைத் திருப்பிச் சொன்னதை நாம் கேட்கவில்லை. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதை அது சொல்லட்டும். திணிக்காதீர்கள். திரையைப் பற்றி உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னதும் இரண்டு வயதுக்குள் வேண்டாம், நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான். அவர்களும் என் அணி போலிருக்கிறது.

நடக்க வைக்கிற அவசரத்தில் சக்கரம் வைத்த பேபி வாக்கரில் உட்கார வைக்காதீர்கள். அதனால் நடை சீக்கிரம் வருவதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடுவது வருகிறது. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

அப்புறம் நண்பர் ஒரு பழமொழி சொன்னார், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று. பலத்த கைதட்டல் வாங்கினார். அதே மூச்சில் "அடியாத மாடு படியாது" என்பதையும் சேர்த்துக்கொண்டார், அங்கேதான் எனக்குச் சண்டை. இரண்டு வயதுக் குழந்தை தம்பியை அடிக்கிறது என்று அதன் கையில் ஓங்கி அடித்து "அடிக்கக் கூடாது" என்று சொல்கிறோம். அது இதிலிருந்து என்ன புரிந்துகொள்ளும்? பெரியவர்கள் அடிக்கலாம் என்றுதான். ஸ்வீடன் 1979-இலேயே பெற்றோர் அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது, பின்னால் 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அதே வழிக்கு வந்தன. அங்கே பிள்ளைகள் படியாமல் போய்விட்டார்களா என்ன?

தடுப்பூசி செய்ய வேண்டியதுதானே என்று கேட்டால், ஆமாம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அதற்குத் தேதி இருக்கிறது, அட்டை இருக்கிறது, போடுவதற்கு ஆள் இருக்கிறது. வீட்டில் நீங்களும் குழந்தையும் தனியாக இருக்கும் மீதி நேரத்துக்குத்தான் ஆள் இல்லை.

கடைசியாக, எதிரணியின் பெரிய குற்றச்சாட்டு. "கூடாது, வேண்டாம் என்றே வளர்த்தால் குழந்தை பயந்தாங்கொள்ளி ஆகிவிடும்" என்றார் நண்பர். நல்ல கேள்விதான், விலாசம்தான் தப்பு. நான் சொன்ன கூடாதுகள் அத்தனையும் பெற்றோருக்கு, பிள்ளைக்கு இல்லை. நீங்கள் சூடான காப்பியை மேசை ஓரத்தில் வைக்காவிட்டால் அதனிடம் "தொடாதே" என்று கத்த வேண்டியதில்லை. மாத்திரையைக் கைப்பையில் போட்டுவைக்காவிட்டால் "பையைத் திறக்காதே" இல்லை. வாளியில் தண்ணீரை நிறைத்து வைக்காவிட்டால் "அங்கே போகாதே" இல்லை. நாம் பத்து விஷயத்தைச் செய்யாமல் இருந்தால், பிள்ளை நாள் முழுக்க இஷ்டம்போல் தவழ்ந்து, இழுத்து, கொட்டி விளையாடும், யாரும் அதட்ட வேண்டியதில்லை. அதட்டல் அதிகம் கேட்பது எந்த வீட்டில்? பெரியவர்கள் எதையும் எங்கேயும் போட்டுவைக்கிற வீட்டில்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, இதோ முடித்துவிடுகிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லட்டும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் அந்த வட்டமான சின்ன பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கி அரித்துவிடும். மூடி உடைந்த ரிமோட்டைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்கக் கூடாது என்பதை அவருடைய அணி எந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது? நான் உட்கார்ந்து கேட்கிறேன்.